உத்வேகக்காரரும் புதன்கிழமைக் குப்பையும்

உத்வேகக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று உலகத்தை இரண்டாக வெட்டி வைத்திருப்பவர்கள் இவரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். உத்வேகக்காரர் சும்மா இருப்பவர் அல்ல. கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை ஓயாமல் வேலைக்குத் தயாராகிக்கொண்டே இருப்பவர். பாடகர்களில் இவர் உண்டு, சமையல்காரர்களில் உண்டு, அலுவலகங்களில் தளத்துக்குத் தளம் உண்டு. ஆனால் நல்ல முற்றிய உருப்படியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஓவியர்களிடம்தான் போகவேண்டும். அதிலும் தைபே நகரத்தில், வான்ஹுவா பேட்டையில், எங்கள் சந்தில், சோயாப் பால் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பெங் வாத்தியாரிடம் போகவேண்டும்.

வாத்தியார் என்றால் யாருக்கோ பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் தூரிகை பிடித்தவரையெல்லாம் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். பெங் தூரிகையைப் பிடித்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் சந்துக்குள் கருத்து வேறுபாடு.

அவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்ப எளிது. படம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். மற்ற ஓவியர் "பாதி முடிஞ்சுது" என்பார், அல்லது "உன் வேலையைப் பாரு" என்பார். பெங் வாத்தியார் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று உங்களுக்குப் பயம் வருமளவுக்கு மௌனமாக இருந்துவிட்டு, "உள்ள ஓடிக்கிட்டிருக்கு. இன்னும் வெளிய வரல" என்பார். பன்னிரண்டு வருடமாக உள்ளே ஓடுகிறது. அவ்வளவு ஓடினால் எந்த மனிதனும் இளைத்திருப்பான். வாத்தியார் நல்ல சதைப்பிடிப்பு.

அவருக்கு உத்வேகம் மூன்று வழியாக வரும். முதலாவது, நகர வாழ்க்கை. காலையில் மெட்ரோவில் ஏறுவார், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவார், இறங்காமல் திரும்புவார். பாலத்து இறக்கத்தில் நின்றுகொண்டு, ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் பாய்கிற நேரத்தில், அத்தனை பேரும் எங்கோ போய்ச் சேரவேண்டியவர்கள் என்ற எண்ணமே இல்லாமல், "நாடி துடிக்குது, நாடி துடிக்குது" என்று பக்கத்தில் நிற்கும் போக்குவரத்துக் காவலரிடம் சொல்லுவார். காவலர் ஒருமுறை ஆம்புலன்ஸையே கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாவது, இசை. இசை இல்லாமல் சாயக் குழாயின் மூடியைக்கூடத் திறக்கமாட்டார். இசைத்தட்டுகளை நிறவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். நீலம் தீட்டவேண்டுமென்றால் இன்ன தட்டு, சாம்பலுக்கு இன்னது என்று திட்டம். தட்டைத் தேடி எடுத்து, துடைத்து, ஊசியைத் துடைத்து, ஒலிபெருக்கியை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்து, அது சரியில்லை என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்து முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இதுபோக, 'நகரத்தின் குரல்கள்' என்று தெரு ஓசைகளையெல்லாம் பதிவுசெய்து கைபேசியில் முந்நூறுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார்.

மூன்றாவது, மேதைகள். அந்தக் காலத்து இசை நாடக மேடையில் ஆண் வேடம் கட்டி ஊரையே மயக்கிய 'வெண்நாரை' என்ற நடிகையின் பெரிய புகைப்படம் அறைச் சுவரில் இருக்கிறது. தினமும் அதற்கு ஒரு கும்பிடு. அவரைப் போலவே கழுத்தில் பட்டுத் துணி. அந்த அம்மாளின் உருவப்படம் ஒன்றைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் தொடங்கினார். இதுவரை இடது புருவம் முடிந்திருக்கிறது. நல்ல புருவம்தான், குறை சொல்ல முடியாது.

இவருக்குச் சோறு போடுவது யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நாகரிகமானவர் நீங்கள். நானே சொல்லிவிடுகிறேன். மனைவி யாஹுய். கீழ்க்கடை அவளுடையது. விடியுமுன் எழுந்து சோயா அரைத்து, பால் காய்ச்சி, முட்டை ரொட்டி சுட்டு, பகலில் பாத்திரம் தேய்த்து, இதற்கிடையில் மாடிக்குத் தேநீரும் அனுப்புகிறவள். அவள் கடையின் சோயா மூட்டைகளுக்கு வைக்க இடம் இல்லை. மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு மூட்டை. மாடியிலோ ஜன்னல் வைத்த, காற்றோட்டமான, ஈரம் படியாத ஓர் அறை, ஒரு புருவத்துக்காகப் பதினோரு வருடமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் ஓவியக்கூடம் நடத்தும் திருமதி கே, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை தொடங்கும் கண்காட்சியில் வாத்தியாருக்கு ஒரு சுவரையே ஒதுக்கினாள். ஒரே ஒரு பெரிய படம், பெயர் 'நகரம்', அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் கைக்கு வந்துவிடவேண்டும், வராவிட்டால் சுவர் பீங்கான் தட்டு செய்யும் ஒருவருக்குப் போய்விடும். செய்தி கேட்டதும் வாத்தியார் உடனே வேலையில் இறங்கினார். படத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டிய விளக்க அட்டையை எழுதினார். நாலு பக்கம். நகரம், இசை, வெண்நாரை மூன்றும் தம் ஆன்மாவில் எப்படிக் கலந்தன என்று, படித்தால் கண்ணில் நீர் வரும். அட்டை ஜூன் மாதமே முடிந்துவிட்டது. இது அக்டோபர். படம் தீட்டவேண்டிய திரை வெள்ளையாக இருக்கிறது.

கண்காட்சி வாரத்தில் யாஹுய் ஒருநாள் மாடிக்கு வந்து வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. பனி பெய்யற நகரமா?"

"கிண்டல் பண்ணாத. உத்வேகம் வரணும்ல."

"எனக்கும்தான் விடியக்காலைல வரமாட்டேங்குது. வரலைன்னு பால் காய்ச்சாம இருக்கேனா?"

"பாலும் படமும் ஒண்ணா?"

"இல்லதான். பால் தினமும் முடியுது." மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கையை மடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "வாத்தியாரே, சண்டை வேண்டாம். இந்தத் தடவை அந்தச் சுவத்துல படம் தொங்கிச்சுன்னா, இந்த ரூமைப் பத்தி ஆயுசுக்கும் வாய் திறக்கமாட்டேன். தொங்கலைன்னா வியாழக்கிழமை மத்தியானம் மூட்டை மேல ஏறும். அந்தம்மா போட்டோ இருக்கட்டும், மூட்டைக்குக் காவலா."

வாத்தியார் முதல்தடவையாகப் பயந்தார். அறை போனால் தயாராவதற்கு எங்கே போவார்?

புதன்கிழமையும் வந்தது. மெட்ரோவில் நாலு தடவை போய்வந்தார். நாடி துடித்தது, கை துடிக்கவில்லை. தட்டுகளைப் போட்டுப் பார்த்தார். வெண்நாரையைப் பார்த்தார். வெண்நாரையும் இவரைப் பார்த்தார். சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு, ஏறக்குறைய அழுகிற நிலையில், அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு வண்டிப் பாட்டு கேட்குமே, அப்போது விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு இருக்குமே.

வண்டி என்றால் குப்பை வண்டி. எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. வண்டி பியானோ மெட்டு ஒன்றை ஒலித்துக்கொண்டு சந்துமுனைக்கு வரும். நீலப் பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, நம் கையாலேயே போடவேண்டும். ஞாயிறும் புதனும் வண்டிக்கு விடுமுறை. அந்த மெட்டு காதில் விழுந்தால் போதும், எங்கள் ஊர்க்காரன் கல்யாண மேடையில் இருந்தாலும் எழுந்துவிடுவான்.

ஆனால் அன்று புதன். அதனால் என்ன, 'நகரத்தின் குரல்கள்' தொகுப்பில் அது இருக்கிறதே. வாத்தியார் பதிவைத் தேடி எடுத்தார். பெரிய ஒலிபெருக்கி இரண்டிலும் இணைத்தார். உத்வேகம் உள்ளே வரக் காற்று வேண்டும் என்று ஜன்னலை அகலத் திறந்தார். முழு ஒலியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்தார்.

கீழே நாற்பது கதவுகள் திறந்தன.

யாரும் கிழமையை நினைக்கவில்லை. காது கேட்டது, கால் நடந்தது, அவ்வளவுதான். முடிதிருத்தகம் நடத்தும் மெய்யூ ஓடிவந்தாள், தலை முழுக்கச் சாயப்பூச்சும் வெள்ளித்தாளுமாக அவளுடைய வாடிக்கைக்காரி பின்னாலேயே ஓடிவந்தாள். சாவிக்கடைக்காரர் ஜியென் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் காலுறையுமாக வந்தார். எங்கள் வட்டத் தலைவர் தியென், வாயில் பாதி நூடுல்ஸ் தொங்க, அதை உறிஞ்சியபடியே வந்து சேர்ந்தார். எல்லாரும் முனையைப் பார்த்து நின்றார்கள். பாட்டு கேட்கிறது, வண்டியைக் காணோம்.

"இன்னிக்குப் புதன் இல்ல?" என்றாள் மெய்யூ.

"புதன்தான். ஆனா பாட்டு கேக்குதே" என்றார் ஜியென்.

எல்லாரும் வட்டத் தலைவரைப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வதற்கா ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

"புது ஏற்பாடு. இனிமே புதனும் வரும். எனக்குப் போன வாரமே தகவல் வந்துடுச்சு" என்றார், நூடுல்ஸை விழுங்கிவிட்டு. "எதிர்ச் சந்துல நிக்குது போல. இருங்க, வந்துடும்."

தலைவரே சொன்னபிறகு யார் போவார்கள்? நின்றார்கள்.

சத்தம் கேட்டு வாத்தியார் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. பாட்டை நிறுத்தினால் எங்கிருந்து வந்ததென்று தெரிந்துபோகும். நிறுத்தாவிட்டால் விடியவிடிய நிற்பார்கள். பதிவு முடியப்போகும்போதெல்லாம் விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டார். ஓடவிட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். நாற்பது பேர், ஒரே திசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு, கலையாமல் நிற்கிறார்கள். வெள்ளித்தாள் விளக்கில் மின்னுகிறது. நீலப் பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவருடைய ஒரு கை கைபேசியில் இருந்தது. மற்றக் கையை எங்காவது வைக்கவேண்டுமே என்று தூரிகையை எடுத்தார், எடுத்தது நீலத்தில் பட்டது, நீலம் திரையில் பட்டது.

அதற்குப் பிறகு அவருக்குத் தயாராக நேரமே கிடைக்கவில்லை. ஜியெனின் காலுறை. தலைவரின் தொப்பை. மெய்யூ இடுப்பில் ஊன்றியிருந்த கை. பார்த்தார், போட்டார், பார்த்தார், போட்டார். சாயக்குழாயைப் பல்லால் திறந்தார். பட்டுத் துணியை அவிழ்த்துத் தூரிகை துடைத்தார். நாடியும் இல்லை, ஆன்மாவும் இல்லை, பதினோரு வருடத்தில் முதல்முறையாக வெண்நாரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. அதுவரை இடது விரல் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த பதிவும் கடைசியில் மறந்துபோயிற்று.

பதிவு தன் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. பியானோ அடங்கியது. அடுத்து, இரண்டு ஒலிபெருக்கியிலும், சந்து முழுக்க, பெங் வாத்தியாரின் சொந்தக் குரல் முழங்கியது:

"யாஹுய், குப்பையை நீயே கொண்டு போயிடு. எனக்கு உத்வேகம் வருது."

நாற்பது தலைகள் மேலே திரும்பின.

படிக்கட்டில் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி அவர்கள் ஏறிவந்த வேகத்தைப் பார்த்தால், வாத்தியாரை ஜன்னல் வழியாக இறக்கிவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. பையும் கையுமாக அறைக்குள் நுழைந்தார்கள். தலைவர் முன்னால் நின்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"இது நான்தானே?"

"நீங்கதான்" என்றார் வாத்தியார், தூரிகையைக் கீழே போடவும் மறந்து.

"தொப்பை இவ்வளவா இருக்கு எனக்கு?"

"கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்காரு" என்றார் ஜியென். "அதை விடுங்க. என் பை ஏன் இத்துனூண்டு? நான் என்ன குப்பைக்குக்கூட வக்கில்லாதவனா?"

"வெள்ளித்தாளோட என்னை எல்லாரும் பாக்கணுமா?" என்றாள் வாடிக்கைக்காரி. பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள்.

புது ஏற்பாட்டைப் பற்றித் தலைவரிடம் யாரோ கேட்டார்கள். அவர் படத்தை இன்னும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

யாஹுய் கடைசியாக வந்தாள். அவளும் ஓடிப்போய் நின்றவள்தான். படத்தில் தன்னைத் தேடினாள். ஓரத்தில், மற்றவர்களுக்கு ஒரு பை இருக்க, இரண்டு கையிலும் இரண்டு பையோடு, நுனிக்காலில் எக்கி நின்றுகொண்டிருந்தாள். கோபப்படத்தான் வந்தாள், ஆனால் விரலை நீட்டிப் பைகளை எண்ணினாள்.

"ரெண்டு பை" என்றாள்.

"ஒண்ணு என்னுது" என்றார் வாத்தியார்.

"தெரியும். உங்களுக்கும் அது தெரியும்ங்கறதுதான் எனக்குத் தெரியாது."

வியாழக்கிழமை படம் கைமாறியது. மூட்டைகள் படியிலேயே நின்றன. சனிக்கிழமை திருமதி கே நாலு பக்க அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, படத்தையும் பார்த்துவிட்டு, "இது எதுவும் இதுல இல்லையே வாத்தியாரே. உண்மையில எதுல இருந்து உத்வேகம் வந்துது? ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். வாத்தியார் கண்ணை மூடி, கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். கை போய்ச் சேருமுன் யாஹுய் முந்திக்கொண்டாள்.

"புதன்கிழமைன்னு எழுதிக்குங்க."

அட்டையில் அதுதான் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

வாத்தியார் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இந்த இனம் திருந்துமா? தமக்குப் புதன்கிழமைகளில் மட்டும்தான் உத்வேகம் வருமென்று இப்போது மெட்ரோவில் பக்கத்தில் உட்காருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒலிபெருக்கிகள் இரண்டும் வட்டத் தலைவர் அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வண்டி வருகிற ஐந்து நாளும், ஒரு நீலப் பை வாத்தியார் கையில் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேசையைத் துடைத்து, தேநீர் போட்டு, ஜன்னல் திரையைச் சரிசெய்து, பிடித்த பாட்டை ஓடவிட்டு, இதை ஒன்று படித்து முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றுதானே உட்கார்ந்தீர்கள்? உங்கள் வெள்ளைத்தாள் அதோ பக்கத்தில் இருக்கிறது. வண்டிக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால், இன்று என்ன கிழமை என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.