சுபாவ நைனாவின் கொள்ளுத் தொட்டி

மனிதனுக்குச் சுபாவம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதைக் கையில் சுத்தியலோடு நிரூபிக்கப் புறப்பட்டவர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்காக் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் 'சுபாவ நைனா'. யாராவது பேச்சுவாக்கில், "விடுப்பா, அது அவன் சுபாவம்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. உதட்டில் கவ்வியிருக்கும் லாட ஆணிகளைத் துப்பிவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவார்.

"இன்னா பெரிய சுபாவம்? பொறக்கசொல்லவே நெத்தியில ஒட்டிகினு வந்தானா?"

யுத்த காலம் அது. நான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் கொட்டகை. முன்பு எங்கோ ஒரு ரயில் பட்டறையில் கொல்லராக இருந்தவர். வேலைநிறுத்தத்தில் வேலையைப் பறிகொடுத்து, பதிலுக்குப் பொதுவுடைமையைக் கற்றுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருந்தார். "மனுஷன மாத்தணும்னா மொதல்ல அவன் நெலமைய மாத்து" என்பதுதான் அவர் கற்றதன் சாரம். அதைச் சொல்லாமல் அவர் ஒரு லாடம்கூட அடித்ததில்லை.

ஒருநாள் வண்டிக்காரர் காசிம் பாய் தன் குதிரையை இழுத்துவந்தார். "கிட்ட போனாலே ஒதைக்குது நைனா. அதோட சுபாவமே அப்டிதான்."

நைனா சேணத்தைக் கழற்றச் சொன்னார். அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"புண்ணு மேல சேணத்த வெச்சுக் கட்டினா நீகூடத்தான் ஒதைப்ப, பாய்!"

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் புண் ஆறியதும் குதிரை பசுவாகிவிட்டது. நைனாவைத்தான் பிடித்து நிறுத்த முடியவில்லை. போலீஸ்காரர், பூக்காரி, மலைக்கு வந்த சாமியார் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் குதிரையின் கதையைக் கேட்டார்கள்.

ஆனால் ரயில் வந்து நின்றதும் அவருடைய தத்துவம் தினமும் மண்ணைக் கவ்வும். வண்டிக்காரர்கள் பயணிகள் மேல் அப்படிப் பாய்வார்கள். காவடி ஒரு வண்டியில், காவடி எடுப்பவர் இன்னொரு வண்டியில், மொட்டை போட அழைத்துவந்த குழந்தை மூன்றாவது வண்டியில் என்று குடும்பமே பிரிந்து மலையடிவாரத்தில்தான் ஒன்றுசேரும். இந்தச் சண்டைக்குத் தளபதி முனிரத்தினம். ஆள் வாட்டசாட்டம்; தொண்டை இன்ஜின் ஊதலுக்குச் சமானம்.

"வரிசையா நில்லுங்கடா. முன்ன வந்தவன் முன்ன போவட்டும்" என்று நைனா ஒருநாள் எல்லோரையும் கெஞ்சி நிறுத்திவைத்தார். தூரத்தில் இன்ஜின் புகை தெரியும்வரை வரிசை அழகாக இருந்தது. அதன்பிறகு வரிசையும் தெரியவில்லை, நைனாவும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது தலைப்பாகை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கிடந்தார்.

முனிரத்தினமே கைகொடுத்துத் தூக்கிவிட்டான். "பாத்தியா நைனா? மனுஷன்னா புடுங்கத்தான் செய்வான். அதான் சுபாவம்."

அன்றுதான் முதல் தடவையாக நைனா தத்துவம் சொல்லாமல் லாடம் அடித்தார். எங்களுக்குக் கவலையாகிவிட்டது.

மறுநாள் அவருக்கு உற்சாகமூட்டலாம் என்று போய், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கேட்டேன். அப்போது நல்ல பொடி குதிரைக்கொம்பு.

"தீந்துபோச்சு தம்பி" என்றார். மடியில் டப்பி புடைத்துக்கொண்டிருந்தது.

"இது இன்னா சுபாவம் நைனா?"

"சுபாவமா? பொடித் தட்டுப்பாடுய்யா! மறுபடி கெடைக்குமோ கெடைக்காதோன்னு பயம்!" என்று கத்தியவர், சட்டென்று திரும்பினார். எதிரே நின்ற குதிரைகளையே பார்த்தார். யுத்தத்தில் கொள்ளும் யானை விலை. சவாரி போனால்தான் அன்று குதிரைக்குத் தீனி.

"தம்பி, இவனுங்க சவாரிக்கு அடிச்சுக்கல. குதிரை பட்டினி கெடக்குமேன்னு பயந்துகினு அடிச்சுக்கறானுங்க. நான் பயத்த விட்டுட்டு வரிசைய புடிச்சுகினு தொங்கினேன் பாரு!"

அந்த வாரமே கொட்டகை வாசலில் பழைய கல்தொட்டி ஒன்று வந்து இறங்கியது. சவாரி போனவன் ஒவ்வொருவனும் ஒரு பிடி கொள்ளு அதில் போட வேண்டும். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எல்லாக் குதிரைகளும் அதில் தின்னலாம். காசிம் பாய் முதல் பிடியைப் போட்டார். மற்றவர்கள் முனகிக்கொண்டே போட்டார்கள். இந்த ரயில் தவறினாலும் குதிரை பட்டினி கிடக்காது என்று தெரிந்ததும், இழுபறி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வரிசை தானாகவே நின்றது.

முனிரத்தினம் மட்டும் சேரவில்லை. "என் கொள்ள எவன் குதிரையோ தின்றதுக்கு நான் இன்னாத்துக்குப் போடணும்?" என்று வரிசையைத் தாண்டிப் பாய்ந்துகொண்டே இருந்தான்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியபோது அவன் குதிரை நொண்ட ஆரம்பித்தது. சவாரி இல்லை, தீனியும் இல்லை. எலும்பு துருத்த நின்ற குதிரையின் பக்கத்தில் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மற்ற வண்டிக்காரர்கள் தொட்டியருகே கூடி ஏதோ பேசுவதை நைனா பார்த்தார். நிச்சயம் தகராறுதான் என்று முடிவுகட்டி, முகம் கழுவி, சலவைச் சட்டை மாட்டி, ஒரு நெடும்பிரசங்கத்தை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டு வீரநடையில் போனார்.

அதற்குள் முனிரத்தினத்தின் குதிரை தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது.

"யார்டா வுட்டது?" என்றார் நைனா, திறந்த வாயோடு.

"நாங்கதான்" என்றார் காசிம் பாய். "முனிரத்தினம் சண்ட போட்டான். குதிரை இன்னா பண்ணிச்சு நைனா? பாவம், தின்னட்டும்."

முனிரத்தினம் யாரையும் பார்க்காமல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். "நாளையிலேர்ந்து தொட்டிய நான் கழுவறேன்" என்றான்.

கிருத்திகையன்று ரயில் ரயிலாகக் காவடிகள் வந்து இறங்கின. குதிரை தேறாததால் வண்டி கட்டாத முனிரத்தினம் வரிசையின் முன்னால் நின்று, அதே தொண்டையால், "எவன்டா முந்தறது? பின்னால போ! ஏம்மா, கொயந்தைய கையில புடி! எல்லாரும் ஒரே வண்டியில ஏறுங்க!" என்று அதட்டிக்கொண்டிருந்தான். மலையடிவாரம்வரை ஒரு குடும்பமும் பிரியவில்லை.

கூட்டம் வடிந்ததும் நைனா என் ஜன்னலுக்கு வந்தார். அதே சலவைச் சட்டை. நியாயமாகப் பார்த்தால் அவர் குதித்துக் கூத்தாடியிருக்க வேண்டும். ஆனால் ஏதோ பறிகொடுத்தவர் போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அன்னிக்குன்னு ஒரு நல்ல பேச்சு தயார் பண்ணி வெச்சிருந்தேன். இவனுங்க அதுக்கு வேலையே வெக்கல."

"அதனால என்ன நைனா, என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தோழர்களே!" என்று ஆரம்பித்தார். அடுத்த பாசஞ்சர் வர இன்னும் நேரமிருந்தது. இல்லாவிட்டாலும் நான் கேட்டிருப்பேன்.