செத்த எலியும் கழற்றாத சாக்ஸும்

வீட்டில் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். நாற்றம் எனக்கும் வந்தது. கட்டிலை நகர்த்தினோம். அலமாரியை இழுத்தோம். "அந்த மூலையைப் பாரு, இந்த மூலையைப் பாரு" என்று முன்னால் நின்று ஏவினார். எலி கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் கடைக்குக் கிளம்பினால் எலியும் கூடவே போய்விடுகிறது.

அவர் தையல்காரர். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. கொஞ்ச நாளாக வெயில் கொளுத்தினாலும் சாக்ஸைக் கழற்றுவதில்லை.

"என்னங்க, இந்தப் புழுக்கத்துல எதுக்கு இது?"

"குளிருது."

"சட்டையில்லாம ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருக்கீங்க. கால் மட்டும் குளிருதா?"

"என் கால், என் குளிர். உனக்கென்ன?"

சாக்ஸுக்குள் எதையோ மறைக்கிறார் என்று புரிந்தது. அவர் கடையில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்த பெரியவர், காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பினார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே இவருக்கு ஆகாது. அந்தப் பெரியவர் வெகுநாள் புண்ணை மறைத்து வைத்திருந்ததை மட்டும் இவர் வசதியாக மறந்துவிட்டார்.

அழுது கேட்டால் அதட்டுவார். சண்டை போட்டால் சாப்பிடாமல் போவார். கடவுளே, நீயே வழி காட்டு என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலை, கடைக்குக் கிளம்புமுன் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து, காலை முக்காலியில் நீட்டினார். நான் துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் காலடியில் உட்கார்ந்தேன்.

"கால் மரத்துப் போகலாம்னு டாக்டர் சொன்னாரே, இப்ப எப்படிங்க இருக்கு?"

"மரத்துப் போறதா? என் காலா? எறும்பு ஊர்ந்தா அது ஆணா பொண்ணான்னு சொல்லுவேன்!"

"அவ்வளவு உணர்ச்சியா?"

"ஈ உட்கார்ந்தா எந்த விரல்லன்னு சொல்லுவேன். யாராவது தொட்டா துள்ளிடுவேன், தெரியுமா?"

"தெரியுதுங்க. பேப்பரைக் கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார். சாக்ஸ் தரையில் கிடந்தது. அவர் பாதம் என் கையில் இருந்தது. பெருவிரலுக்கு அடியில் கறுத்து, சுற்றிலும் வீங்கி, சீழ் வைத்திருந்தது.

"எப்ப கழட்டுன?" என்றார்.

"நீங்க எறும்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சப்பவே."

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவர் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

"வெட்டிடுவாங்கம்மா."

"வெட்டக் கூடாதுன்னுதான் இப்பவே போறோம். எழுந்திருங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீழை வடித்து, அழுகிய சதையை எடுத்தார். கூடவே ஒரு முறிந்த மிஷின் ஊசி முனையும் வந்தது. அது ஏறியதுகூட இவருக்குத் தெரியவில்லை.

"எலும்பு வரைக்கும் போகலை. கால் தப்பிச்சது," என்றார் டாக்டர். "சர்க்கரையை இறக்கணும், மருந்தை விடாம சாப்பிடணும். நான் சொல்ற வரைக்கும் இந்தக் காலை ஊன்றவே கூடாது. வலிக்கலைன்னு சும்மா இருந்தீங்களே ஐயா, வலி தெரியாததுதான் ஆபத்து."

கட்டுப் போடும்போது இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலி தெரியவில்லை, பயம் நன்றாகத் தெரிந்தது. துழாவி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத் தலைவர் குரலில் சொன்னார்.

"நீ பயப்படாதே. நான் இருக்கேன் இல்ல?"

"சரிங்க ஐயா," என்றார் டாக்டர். "கையை விட்டா மிச்சத்தையும் கட்டிடுவேன்."