சிப்பிப் பிடி போட்ட கத்தி

பார்சல் கயிறு அறுபடவில்லை. அதற்கு முன்னால் கத்தியின் பிடிதான் கழன்றது. மினுமினுவென்று ஒரு பக்கத்து முத்துச்சிப்பித் தகடு பதவிசின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதவிசு என்பது அலுவலகம் வைத்த பெயர். கதவைச் சாத்தினால்கூட அதற்கு வலிக்குமோ என்று பார்க்கிற மனுஷன். துணி மொத்த வியாபாரம் செய்யும் அந்த அலுவலகத்தில், ஊர் ஊராக வந்து குவியும் மாதிரித் துணி மூட்டைகளைப் பிரித்து, ரகம் பார்த்து அடுக்குவது அவர் வேலை. சேர்ந்து ஒரு வருஷம் முடியப்போகிறது. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு மேனேஜர் மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கையெழுத்து விழுந்தால் பிழைத்தார். விழாவிட்டால், பழையபடி வேலை தேடித் தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான்.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரரான மேனேஜருக்கு உலகத்தில் ஒரே ஒரு கிறுக்குதான். மடக்குக் கத்தி. அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கக் கத்திகள்; மான்கொம்புப் பிடி, எருமைக்கொம்புப் பிடி, எலும்புப் பிடி, கருங்காலிப் பிடி என்று வகை வகையாக. அலகைப் பற்றி அவருக்கு அக்கறையே கிடையாது. இரும்பை யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள், பிடியில்தான் கத்தியின் லட்சணமே இருக்கிறது என்பார். லீவு கேட்கப் போகிறவர்கள்கூட முதலில் ஒரு பிடியைப் பார்த்து, "அடேயப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

அந்த அலமாரியை யாரும் தொடக்கூடாது. அப்படிப்பட்டவர் திங்கட்கிழமை காலையில் தானாகவே பதவிசின் மேஜைக்கு வந்து, இந்தச் சிப்பிப் பிடிக் கத்தியை நீட்டினார்.

"வச்சுக்குங்க தம்பி. பார்சல் பிரிக்க உதவும். வெள்ளிக்கிழமை கொடுத்தாப் போதும். பத்திரம், இதுமாதிரி இன்னொண்ணு கிடைக்காது."

பதவிசுக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் கத்தியையே நம்பிக் கொடுக்கிறாரென்றால் கையெழுத்து விழுந்த மாதிரிதான் என்று அன்றைக்குத் தன் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். செவ்வாய்க்கிழமை பிடி கழன்றது.

முதல் வைத்தியம் பசை. கடையில் விசாரித்து, தொட்டால் விரலே ஒட்டிக்கொள்ளும் ரகமாகப் பார்த்து வாங்கிவந்தார். ஒரு சொட்டுப் போதும் என்று கடைக்காரர் சொன்னார். பதவிசு பாதுகாப்புக்காக ஐந்தாறு சொட்டு விட்டார். தகடு ஜம்மென்று ஒட்டிக்கொண்டது. கூடவே பசை உள்ளே வழிந்து, அலகும் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், நகத்தைக் கொடுத்து நெம்பினார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். திறக்காத கத்திக்கு எவ்வளவு அழகான பிடி இருந்து என்ன பிரயோஜனம்?

"வினிகர்ல போடுங்க," என்றாள் மனைவி. "கெட்டில்ல படிஞ்ச கறையே அதுலதான் போகுது. இது போகாதா?"

போட்டார்கள். ஒரு கிண்ணத்தில் கத்தியை முக்கிவிட்டு இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. பசை கரைகிறது என்று பதவிசு மனைவியை மெச்சிக்கொண்டார். காலையில் எடுத்துப் பார்த்தால் பசை அப்படியே இருந்தது. கரைந்தது சிப்பி. பளபளப்பெல்லாம் போய், இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்து பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். பசை விட்டது, அலகும் திறந்தது. பதவிசுக்கு உயிர் வந்தது. இனி மெருகு ஏற்றினால் போதும் என்று அவரே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வினிகரில் ஊறி மெலிந்த சிப்பி எத்தனை நேரம் தாங்கும்? ஒரு தகடு இரண்டாக உடைந்தது. இன்னொன்று அவர் கையிலேயே மாவாய் உதிர்ந்தது.

அன்றைக்கு அலுவலகத்தில் அவருக்கு எதுவும் ஓடவில்லை. பட்டுத் துணியைப் பருத்தி வரிசையில் அடுக்கினார். மேனேஜர் அந்தப் பக்கம் நடந்த ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். மேனேஜர் நின்று, கத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சௌக்கியமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார் பதவிசு. பியூன் அந்தச் சமயம் டீ வைத்துவிட்டு அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிரமை என்று நினைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை என் சேகரிப்பைப் பார்க்க ஒரு பெரிய மனுஷர் வர்றாரு," என்றார் மேனேஜர். "முதல்ல அதைத்தான் காட்டப்போறேன். உங்க ஃபைலையும் அன்னைக்கே பார்த்துடறேன்."

கத்தியும் ஃபைலும் ஒரே நாளில்.

சாயங்காலம், இசைக்கருவி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு ஓடினார். கிடார் கழுத்தில் சிப்பி பதிக்கிறவருக்குக் கத்திப் பிடி போடத் தெரியாதா என்று ஒரு நப்பாசை. கடைக்காரர் கத்தியை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, செய்யலாம், ஆனால் இவ்வளவு பெரிய சிப்பித் தகடு தன்னிடம் இல்லை என்றார். பழைய சிப்பிச் சாமான் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்து அறுத்துப் போட்டுத் தருவாராம்.

வீட்டில் அப்படி ஒரு சாமான் இருந்தது. அது பதவிசுக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த நகைப்பெட்டி. மூடி முழுக்க அசல் முத்துச்சிப்பி. அந்த அம்மா போய்ச்சேர்ந்த பிறகு அவள் அதைத் துணியில் சுற்றித்தான் வைத்திருந்தாள். அவர் அதைக் கேட்க மனசு வராமல், சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பெட்டியைக் கொண்டுவந்து, உள்ளே இருந்த வளையல்களைத் தலையணை உறைக்குள் கொட்டிவிட்டு, அவர் மடியில் வைத்தாள்.

"வேண்டாம்மா, உங்க அம்மா கொடுத்தது."

"அம்மா இருந்தா, மாப்பிள்ளைக்கு வேலை முக்கியமா பெட்டி முக்கியமான்னு கேட்டிருப்பா. எடுத்துட்டுப் போங்க. நான் மனசு மாறுறதுக்குள்ள போங்க."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் போனார்.

கடைக்காரர் கெட்டிக்காரர். வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூடியை அறுத்து, ராவி, ஆணி தைத்து, மெருகேற்றிக் கொடுத்தார். கத்தியைப் பார்த்ததும் பதவிசுக்குச் சந்தோஷத்துக்குப் பதில் வியர்த்துக் கொட்டியது. பழைய பிடி கொஞ்சம் மங்கல். இதுவோ இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஜொலித்தது. குருடன்கூட இது வேறு பிடி என்று கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து டீ டிகாஷனில் நனைத்து நனைத்துத் தேய்த்தார்கள். டிகாஷன் தீர்ந்தது, ஜொலிப்பு தீரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதவிசு மேனேஜர் அறைக்குள் போனார். கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. மேனேஜர் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஆணி தைத்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பதவிசு மனசுக்குள் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டார்.

"பரவாயில்லையே தம்பி," என்றார் மேனேஜர். "நல்லாத்தான் வச்சிருந்திருக்கீங்க."

அவ்வளவுதான். கத்தியை அலமாரியின் நடு வரிசையில் வைத்தார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டார்.

வெளியே வந்த பதவிசு பியூனின் ஸ்டூலிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். நான்கு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. பிடி கழன்றது, பசை, வினிகர், உப்புத்தாள், மாமியார் கொடுத்த பெட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று பியூனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பியூன் டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

"எல்லாரும் இதே ஸ்டூல்ல உட்கார்ந்து, இதையேதான் சார் சொல்றாங்க. பிடி கழன்ற கத்தியா பார்த்து வாங்கிட்டு வர்றது அவர் வேலை, மெழுகு வச்சு ஒட்டிக் கொடுக்கிறது என் வேலை, நல்ல பிடி போட்டுக் கொண்டாறது உங்களை மாதிரி நிரந்தரம் ஆகப்போறவங்க வேலை."