சம்பந்தியம்மா ஸ்பூனைக் கீழே வைக்கும்வரை

அரைகுறையாகத் தெரிந்ததை வாயை மூடிக்கொண்டு எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. முழுதாகத் தெரிந்த விஷயம் என்று ஒன்றுமே இல்லாததால், நான் தொண்டையைக் கனைத்தாலே என் வீட்டார் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இங்கிலாந்து ராஜ குடும்பப் பைத்தியம் பிடித்திருந்தது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பார்சிப்பனி என்ற ஊரில் வெளியே பனி கொட்டும். நான் சோபாவில் சாய்ந்து யூடியூபைத் திறப்பேன். எந்த ராஜா எந்த ராணியின் தலையை வெட்டினான், எவன் யாருக்காக மகுடத்தை உதறினான் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆபீஸில் மேனேஜர் பெயர் சட்டென்று வராது. ஆனால் ஆறு கல்யாணம் செய்துகொண்ட ராஜாவின் ஆறு மனைவிகளையும் வரிசையாகச் சொல்வேன்.

"நீங்க பேசாம லண்டன்லயே பொறந்திருக்கலாம்" என்பாள் என் மனைவி கிரேஸ். (பாராட்டுகிறாள் என்றுதான் நம்பினேன்.)

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஒரே மகள் ஷெரின், டேனியல் என்ற இங்கிலாந்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா ஜில் எங்களைப் பார்ப்பதற்கென்றே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வருகிறார்.

"அப்பா, டேனியலுக்கு அவங்க அம்மாதான் எல்லாம். அவங்களுக்கு நம்மளப் பிடிக்கணும். ப்ளீஸ், ஜஸ்ட் பி நார்மல்" என்று கெஞ்சினாள் ஷெரின்.

நார்மலா? நானா?

அந்த வாரம் பார்த்த ஒரு வீடியோவில், வேகவேகமாகச் சாப்பிடும் ஒரு பழைய மகாராணி வந்தார். அவர் ஸ்பூனைக் கீழே வைத்ததும் அத்தனை பேரின் தட்டையும் சேவகர்கள் எடுத்துவிடுவார்களாம். அதிலிருந்து நானாக ஒரு சட்டத்தை உருவி எடுத்தேன்: பெரிய இடத்து அம்மாள் நிறுத்தினால்தான் மற்றவர்கள் நிறுத்தலாம். நம் ஊர்ப் பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்பது மாதிரிதானே!

கிரேஸைத் தனியாகக் கூப்பிட்டு, "சம்பந்தியம்மா ஸ்பூனைக் கீழ வைக்கற வரைக்கும் நாம நிறுத்தக் கூடாது. அவங்க தட்டு காலியானா உடனே வச்சிரு" என்றேன்.

"நமக்கு வயிறு நெறஞ்சிட்டா என்னங்க செய்ய?"

"கொஞ்சங் கொஞ்சமா கொறி."

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் ஷெரின், ஜில்லுக்கு எங்கள் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெரியவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள், அப்பா நிறுத்தும்வரை சும்மா சாப்பிடுகிற மாதிரி இருங்கள், அவர் ரொம்ப சந்தோஷப்படுவார் என்று.

மட்டன் பிரியாணி, தாளிச்சா, முட்டைக் குழம்பு, கேசரி. நான் ஜில்லின் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர் என் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். தட்டு காலியாகும்; கிரேஸ் வைப்பாள். "லவ்லி" என்பார் ஜில். அடுத்த முறை வைத்தபோது அந்த "லவ்லி" கொஞ்சம் இளைத்திருந்தது. நான் மேஜைக்கடியில் பெல்ட்டைத் தளர்த்தினேன். அடேயப்பா, இங்கிலாந்துக்காரர்களுக்கு என்ன வயிறுடா என்று மலைத்தேன். கிரேஸ் என்னை முறைத்த முறைப்பில் குழம்பு மறுபடி கொதித்திருக்கும்.

"மம், ஆர் யூ ஓகே?" என்றான் டேனியல். அவர் முகம் வெளுத்து, நெற்றியில் வியர்த்திருந்தது. காரம் போலிருக்கிறது என்று முடிவு செய்து, "தயிர் சாதம் வை கிரேஸ்" என்றேன் நான், மகா புத்திசாலி.

தயிர் சாதம் தட்டில் விழுந்ததும் ஜில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பாத்ரூம் வரை போக முடியவில்லை. ஹால் கார்ப்பெட்டிலேயே எல்லாம் வந்துவிட்டது.

அந்த நொடியில் என் மனதில் முதலில் தோன்றியதை எழுதக் கை கூசுகிறது. அப்பாடா, இனி நிறுத்தலாம் என்று நிம்மதியாக என் ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"அப்பா! நீங்க நிறுத்துவீங்கன்னுதான் அவங்க வெயிட் பண்ணாங்க!" என்று கத்தினாள் ஷெரின். "அவங்களுக்கு கால்பிளாடர் எடுத்தாச்சு. எண்ணெய் ஒத்துக்காது."

"அவங்க நிறுத்தட்டும்னு நானும்..." என்று மகாராணியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை. டேனியல் தரையில் மண்டியிட்டுக் கார்ப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஷெரின் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். என் மகளின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவமானத்தில் உடம்பே கூனிவிட்டது.

சோபாவில் படுத்திருந்த ஜில்லுக்கு வெந்நீர் கொண்டுபோய், "மன்னிச்சிருங்க" என்று குழறினேன்.

"எங்க வீட்டுல டி.வி. முன்னாடி, மடியில தட்டை வச்சுத்தான் சாப்பிடுவோம்" என்றார் மெல்ல. (ஆங்கிலத்தில்தான், என் மனதில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.) "அந்த அரண்மனைக்காரங்களை எனக்குக் கண்டாலே ஆகாது."

"அப்புறம் ஏன் இவ்வளவு சாப்பிட்டீங்க?"

"நான் பாதியில நிறுத்தினா, என் பையனுக்கு உங்க பொண்ணைக் கொடுக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

நான் நின்றபடியே அழுதுவிட்டேன். "எனக்கும் அதே பயம்தாங்க" என்றேன். அவர் சிரித்தார். சிரித்ததில் வயிறு வலித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று மறுபடி சிரித்தார்.

கல்யாணம் நடந்தது. வரவேற்பில் சம்பந்தியம்மா மைக்கை வாங்கி, "யாராவது பொண்ணோட அப்பா தட்டைப் பிடுங்குங்க. இல்லேன்னா நாம யாரும் இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது" என்று சொல்ல, சர்ச் ஹாலே அதிர்ந்தது. அன்றிலிருந்து குடும்பத்தில் யார் வீட்டு விருந்தானாலும், உட்கார்ந்து நாலு வாய் வைப்பதற்குள் மொத்தக் கூட்டமும் என் தட்டையே பார்க்கிறது. "ஆர் யூ டன், அப்பா?" என்று மருமகன் ஆரம்பிப்பான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்; பாதி வயிற்றோடு எழுந்துவிடுவேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், சம்பந்தியம்மா சாவகாசமாகக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.