எழுத்தர் கண்டுபிடித்த பூஞ்சை

நாட்டின் செடி, விலங்கு, பூஞ்சை எல்லாவற்றையும் இணையத்தில் பதிந்து வைக்கும் அலுவலகம் அது. அங்கே காட்டுப் பூஞ்சையின் படம் ஏற வேண்டிய இடத்தில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் படம் ஏறிவிட்டது. "பழசு நாறுது, வரும்போது புதுசு வாங்கிட்டு வாங்க" என்று எழுத்தருக்கு மனைவி அனுப்பிய படம். அவர் கவனிப்பதற்குள் பூஞ்சை நிபுணர் அம்மையார் ஒப்புதலே கொடுத்துவிட்டார்: 'புதிய இனம். வாழ்த்துகள்.'

எழுத்தருக்கு அடுத்த வாரம் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குள் ஒரு தவறான பதிவு கண்ணில் பட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒப்புதலான பதிவை நீக்கவோ படத்தை மாற்றவோ முடியாது, மற்ற விவரங்களைத் திருத்தலாம். யாரும் தேடிப் போகாமலிருக்க, இடம் 'தெரியவில்லை' என்று மாற்றினார். இடத்தை மறைத்துக் காக்க வேண்டிய அரிய இனம் போலிருக்கிறது என்று மென்பொருள் அதை முதல் பக்கத்தில் போட்டது.

இயக்குநர் வாயெல்லாம் பல்லாக வந்தார். காட்டைக் காலண்டரில் மட்டுமே பார்த்த மனிதர்.

"நாளைக்கு எல்லாரும் காட்டுக்குப் போறோம். நீங்கதான் வழி காட்டணும்."

"சார், அது இன்னும் இருக்குமான்னே தெரியல."

உளறியதே வழியாகத் தோன்றியது. இயக்குநர் தலை மறைந்ததும், 'முற்றிலும் அழிந்துவிட்டது' என்று பதிந்தார்.

சாயங்காலத்துக்குள் அமைச்சர் இரங்கல் தெரிவித்தார். அலுவலகமே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. நிஜக் காடு எரிந்தபோது நாற்காலியை விட்டு அசையாதவர்கள், ஸ்பாஞ்சுக்காகத் தலைகுனிந்து நின்றார்கள்.

மறுநாள் காலை அம்மையாரே நேரில் கிளம்பி வருவதாகத் தகவல் வந்தது. எழுத்தர் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அந்தப் பழைய ஸ்பாஞ்சைக் கொளுத்திடு."

"புதுசு வாங்கியாச்சா?"

"முதல்ல கொளுத்து. சாம்பலையும் கழுவி விட்டுடு."

"ஒரு ஸ்பாஞ்சு வாங்க வக்கில்ல, அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலில்ல." திட்டிக்கொண்டே கொளுத்தினாள்.

அம்மையார் வந்து உட்கார்ந்து படத்தைத் திரையில் திறந்தார். எழுத்தருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம். அது பூஞ்சையே இல்ல. எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு."

"ஸ்பாஞ்சுன்னு பார்த்தாலே தெரியுதே சார். நான் ஒப்புதல் கொடுத்தது அதோட ஓரத்துல மஞ்சளா முளைச்சிருக்கே, அதுக்கு. வேற எங்கேயும் யாரும் பார்த்ததில்ல. எங்க அது?"

"இப்பதான் கொளுத்தினோம் மேடம். சாம்பலைக்கூடக் கழுவி விட்டாச்சு."

அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் படத்துக்குக் கீழே இருந்த பதிவை மறுபடி ஒருமுறை படித்தார்.

"அப்ப உங்க பதிவுல ஒரு தப்பும் இல்ல சார்."