பதமுரிசாவின் வெடிக்கிற ஏரி

கணினிக்குள் இருந்த கிவு ஏரி மறுபடியும் வெடித்துவிட்டதென்று ஃபின்லாந்திலிருந்து வெய்க்கோ எழுதியிருந்தான்.

பதமுரிசாவுக்கு மானமே போயிற்று. ஏரியடியிலிருந்து மீத்தேன் வாயுவை இறைத்து விளக்கெரிக்கிற ஊர், ருவாண்டாவின் ருபாவு. சும்மாவா? அந்தப் பெருமையை அவள் ஒரு கட்டுமான விளையாட்டுக்குக் கூடுதல் பகுதியாக, 'மோட்' என்பார்களே, அப்படி எழுதிச் சேர்த்திருந்தாள். விளையாட்டு நிறுவனத்தின் சோதனையாளன் வெய்க்கோ திருப்திப்பட்டால் நிறுவனமே ஏரியை எடுத்துக்கொள்ளும்.

"எங்கிட்ட நல்லாத்தான ஓடுது!" என்று புலம்பினாள்.

விளையாட்டுக்குள்ளும் நிஜத் தேதியும் நேரமுமே ஓடும்; மாதக் கடைசியில்தான் வெடிக்கிறது. அப்படியானால் வாயு தேங்குகிறது என்று குழாயைப் பெரிதாக்கினாள். அடுத்த மாதம் கரையோர வாழைத்தோப்பும் சேர்ந்து பறந்தது. பம்புக்குப் பத்துப் பேராக நூறு வேலையாட்களை நிறுத்தினாள்.

"இந்தச் சனிக்கிழமைதான் கடைசிச் சோதனை. வெடிச்சா வேற ஏரியைப் பாத்துக்குறோம்" என்று எழுதினான் வெய்க்கோ.

அன்று மாதத்தின் கடைசிச் சனி. நாடே தெருவில் இறங்கிப் பொதுவேலை செய்கிற உமுகண்டா. பதமுரிசா சாக்கடை வெட்டிக்கொண்டிருந்தாள். மனசெல்லாம் ஏரியில். எரிச்சலை யார்மேலாவது காட்ட வேண்டுமே!

"ஏண்ணே, ஏரியில வாயு இறைக்கிற படகுல வேலை பாக்குற ருகம்பா ஒருநாளும் வந்து நான் பாத்ததில்லையே? துரை கையில மண்ணு ஒட்டிக்குமோ?"

குடியிருப்புத் தலைவர் கரெமேரா சிரித்தார். "அவங்களுக்கு விலக்கும்மா. எல்லாரும் இங்க வந்துட்டா வாயுவை யாரு பாத்துக்குறது?"

மண்வெட்டி கைநழுவியது. "ஐயய்யோ! என் ஆளுங்க நூறு பேரும் வந்துட்டாங்களேண்ணே!"

"எங்கம்மா? ஒருத்தரையும் காணோமே?"

மோடில் அவள் முதன்முதலில் எழுதியதே அதுதான்: கடைசிச் சனி காலை, வேலையாட்கள் அனைவரும் உமுகண்டாவுக்குப் போகவேண்டும். அதற்கு வராத ருவாண்டாக்காரனை அவளால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. அந்த நேரத்தில் அவளும் வீட்டில் இருந்ததில்லை; எப்படித் தெரியும்?

கைபேசி அடித்தது. வெய்க்கோ.

"வெடிச்சிருச்சா?"

"ஏரி, படகு, மின்நிலையம், ஒண்ணும் மிச்சமில்லைங்க."

நிமிர்ந்து நின்றாள். "தப்பு என்னோடதுதான். படகுக்காரங்களுக்கு விலக்குக் குடுத்துடறேன். ஆனா அந்தச் சனிக்கிழமையை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க, மாட்டேன். அது எங்க நாடு."

"யாருங்க எடுக்கச் சொன்னா? விளையாட்டுக்குள்ள நூறு பொணத்தைத் தேடிப் போனேன். நூறு பேரும் துடைப்பத்தோட தெரு பெருக்கிட்டு நிக்கிறாங்க! ஒரு உயிர்கூடப் போகாத வெடிவிபத்தை இன்னிக்குத்தான் பாத்தேன், ஏரி எங்களுக்கு வேணும்!"