பதினாறு பேர் ஜீப்பும் ஏழு பாடமும்

படிக்காதவன் அடுத்தவர் படிப்பில் கை வைக்கக் கூடாது, நான் வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு நான்கு வைத்திருக்கிறேன். (பெருமைக்கில்லை, தகவலுக்காக.) பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் பதினாறு பேரை ஏற்றி மலை மெட்டு ஏறியவன். "இடமில்லை" என்று சொன்னதே கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன், கல்லூரியில் அறிவியல் படித்துக்கொண்டிருந்த என் கடைக்குட்டி செல்வி, அடுத்த செமஸ்டருக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளோடு வந்து நின்றாள்.

"அஞ்சு பாடம்ப்பா. அதுல ரெண்டுக்கு லேப்பு."

"எத்தன வரைக்கும் விடுவாங்க?"

"ஏழு. ஆனா..."

"ஏழும் போடு ஆத்தா. கொஞ்சம் ஒட்டி உக்காந்தா எடம் வந்துரும்."

ஏழில் நான்குக்கு லேப்பு. ஒரே மாதத்தில் பிள்ளை இளைத்துவிட்டாள். அப்படி என்னதான் செய்கிறார்கள் உள்ளே? பெற்றோர் கூட்டத்துக்குப் போன அன்று மனசு கேட்கவில்லை. கெமிஸ்ட்ரி லேப்புக்குள் எட்டிப் பார்த்தேன். "வந்து பாருங்க" என்றார் மேடம்.

செல்வி நீளமான கண்ணாடிக் குழாய்க்குக் கீழே குடுவையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு. ஓர் ஆட்டு. இன்னொரு சொட்டு.

"எம்புட்டு நேரம்மா இப்பிடி?"

"லேசா ரோசு ஆகுற வரைக்கும்ப்பா. அந்தச் சொட்டோட நிறுத்தணும். இத முடிச்சிட்டு ரெண்டு மணிக்குத் தாவரவியல் லேப்புக்கு ஓடணும். ரெண்டுலயும் இன்னைக்கு மார்க்கு."

மணி ஒன்றரை. அவள் நோட்டில் எழுதக் குனிந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டால் என்றைக்கு முடிவது? "வெரசா முடிப்போம்" என்று குழாயின் திருகை முழுசாகத் திறந்துவிட்டேன்.

குடுவை பீட்ரூட் சாறாகிவிட்டது.

"அய்யோ அப்பா!"

லேப்பே திரும்பிப் பார்த்தது. "திரும்பச் செய்யணும்மா" என்றார் மேடம், என்னைப் பார்த்துக்கொண்டே. கழுவி, ஊற்றி, மறுபடி சொட்டு விட்டு முடித்து அவள் ஓடியபோது தாவரவியல் லேப்பின் கதவு சாத்தியிருந்தது.

திரும்பி வரும்போது செல்வி மெதுவாகச் சொன்னாள்: "ஜீப்புல பதினாறு பேரும் ஒரே மெட்டுக்குத்தான் போறாங்கப்பா. எனக்கு ஏழும் ஏழு மெட்டு."

பாடத்தைக் கைவிட மறுநாள்தான் கடைசி நாள். தாவரவியலையும் சேர்த்து இரண்டை இறக்கிவிட்டோம். மிச்சம் ஐந்திலும் நல்ல மார்க்கு. (என் மகளாயிற்றே!)

செல்வி இதை வீட்டோடு நிறுத்தியிருக்கலாம்; டிரைவர்கள் வரைக்கும் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் பதினோராவது ஆளை நான் கைதட்டிக் கூப்பிட்டால், டிரைவர் பாண்டி சாவியையே திருப்புவதில்லை.

"வேணாம்ண்ணே, பீட்ரூட்டு ஆயிரும்."